வாடாத கிளை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முப்பத்தோரு வருஷம் பி.டி. டீச்சராக இருந்து நான் எழுதியதெல்லாம் வருகைப் பதிவும் நீளம் தாண்டுதல் அளவும்தான். இப்போது டைரி எழுதச் சொல்கிறாள் ஹரிணி. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், முப்பத்து நாலு வயது, வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஆளுக்கொரு வாட்ச்சும் இந்த நோட்டும் கொடுத்து, "தினமும் எழுதுங்க ஆன்ட்டி, உற்சாகம் தானா வரும்" என்றாள். எனக்கு எப்போது உற்சாகம் குறைந்தது? சரி, எழுதுவோம்.

நாளை முதல் நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம், நடைப் போட்டி. ஏ, பி, சி என்று மூன்று பிளாக்குக்கும் கீழே வரவேற்பறை டிவியில் தலா ஒரு மரம். நாம் ஒவ்வொருவரும் அதில் ஒரு கிளை. வாட்ச் கணக்கில் ஒரு நாளைக்கு ஆறாயிரம் ஸ்டெப் நடந்தால் நம் கிளையில் ஓர் இலை துளிர்க்கும். ஒரு நாள் தவறினாலும் கிளை வாடிப்போகும், மறுபடி துளிர்க்காது. மூன்று கிளை வாடினால் மரமே அவுட். பெயருக்குப் பக்கத்தில் ஓர் இதயப் படம் வேறு. நாடி நன்றாக இருந்தால் பச்சை, சரியில்லை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு.

சி பிளாக் கேப்டன் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

இதெல்லாம் உண்மையில் இவருக்காகத்தான். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்து நாலு வருஷம் ஓடுகிற வண்டியில் நடந்தவர், மே மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. போன மாதம் டாக்டர் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, மெதுவாக நடக்கச் சொன்னார். ட்ரெட்மில் டெஸ்ட் ஒன்று எடுத்துவிடச் சொல்லியும் எழுதிக்கொடுத்தார். நடக்க ஆரம்பித்துவிட்டால் அது எதற்கு?

ஆகஸ்ட் 4, திங்கள்

முதல் நாள். நான் 11,340. அவர் 6,212!

டிவியில் 'சிற்றம்பலம்' என்ற கிளையில் 'டிங்' என்று ஓர் இலை வந்தது. அறுபது வயது மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினார். இவர் சிரித்து எத்தனை மாதமாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

மாவு அரைக்கும்போது இவர் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை அடுக்களைக்கு வரும்போதும் கையை நீட்டி, "மேடம், டிக்கெட் காட்டுங்க" என்கிறார். நான் ஓர் உளுந்தை எடுத்துக் கொடுத்தேன். "இது ஸ்லீப்பர் டிக்கெட், இங்க ஏசி கோச், ஃபைன் கட்டுங்க" என்கிறார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு விளையாடியதில்லை.

ஒரு தடவை மட்டும் அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல மதி, வாயு" என்றார். பெருங்காயம் போட்டு மோர் கொடுத்தேன். சரியாகிவிட்டது. வாட்ச்சில் பார்த்தேன், மஞ்சள். வெயில்.

ஆகஸ்ட் 13, புதன்

எங்கள் மரத்தில் முதல் கிளை போயிற்று. மூன்றாம் மாடி ஜெயசீலன் சார். முட்டி வலியாம், இரண்டாயிரத்தோடு உட்கார்ந்துவிட்டார். அவர் பெயர் இருந்த கிளை பழுப்பாகிச் சுருங்குவதை டிவியில் எல்லோரும் நின்று பார்த்தோம். அதற்கு ஒரு சத்தம்கூட வைத்திருக்கிறாள் ஹரிணி, சருகை மிதிக்கிற மாதிரி.

சாயங்காலம் யாரோ அவர் வீட்டுக் கதவில் காய்ந்த கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் அப்புறம் கீழே வரவேயில்லை. யார் மாட்டியது என்று எனக்குத் தெரியாது என்றுதான் ஹரிணியிடம் சொன்னேன்.

இவர் அதைப் பார்த்துவிட்டு வந்து, "ஒருநாள் முடியலன்னா இப்படியா பண்ணுவாங்க?" என்றார்.

"அதுக்குத்தான் முடியலன்னு சொல்லக் கூடாதுங்கறது" என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்கு இவருடைய கணக்கு 2,100. தாடை வலிக்கிறதாம், பல்லாக இருக்கும் என்கிறார். படுத்துவிட்டார். வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்.

எனக்கு வளாகத்துப் பிள்ளையாருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. ஓய்வு பெற்றபின் இவர் உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்று நூற்றெட்டுச் சுற்று. அதை இன்றைக்கு முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். போகும்போது மேஜையில் அது கிடந்தது. எடுத்து வலது கையில் கட்டிக்கொண்டேன்.

நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்காக நான் சுற்றுகிறேன், அந்தப் புண்ணியம் அவருக்குச் சேரும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்காகப் பெண் மண்சோறு சாப்பிடுகிறாள், பிள்ளைக்காக அப்பா மொட்டை போடுகிறார். சுற்று அவர் பேரில் சேரும், ஸ்டெப் மட்டும் சேராதா? நூற்றெட்டு முடித்து, வெளிமதிலையும் நாலு சுற்றுச் சுற்றினேன். 6,040. டிங்.

பக்கத்தில் இதயம் பச்சையாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதி!

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வாஷிங் மெஷின் குழாய் ஒழுகுகிறது. ஆள் வரச் சொல்லி மூன்று நாளாயிற்று.

காலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தேன். ஜெயசீலன் சார் துணி எடுக்க வந்தார். "என்ன டீச்சர், ரெண்டு கையிலயும் மணி பாக்கறீங்களா?" என்றார்.

"ஒண்ணு சார்ஜ் இறங்கிடும் சார், அதுக்குத்தான்."

அவர் என் வலது கையையே பார்த்தார். "சார் எங்க, பால்கனியிலேர்ந்து பாத்தா கீழ காணோமே ஒரு வாரமா?"

"அவரு காலையில நாலரைக்கே நடந்துடறாரு" என்றேன். அவர் துணியை மடித்துக்கொண்டு போனார். கிளை வாடின எரிச்சல் அவருக்கு.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

பூரணக் கொழுக்கட்டை முப்பது, உப்புக் கொழுக்கட்டை இருபது. பத்துக் கொழுக்கட்டையை ஒரே மூச்சில் சாப்பிடுகிறவர் இவர். இரண்டோடு தட்டைத் தள்ளிவிட்டார், சர்க்கரைக்குப் பயந்து என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜை முடிந்ததும் ஹரிணி மைக்கைப் பிடித்தாள். "பாதி மண்டலம் முடிஞ்சாச்சு! சி பிளாக் ஆண்கள்ல பெஸ்ட் ஹார்ட் யாருக்குன்னு பாத்தா, நம்ம சிற்றம்பலம் அங்கிள்! ரெஸ்டிங் பல்ஸ் அறுபத்திரண்டு! காலேஜ் பசங்களுக்குக்கூட இப்படி இருக்காது!" ஜிகினாத் தாள் கிரீடம் ஒன்றை எடுத்து இவர் தலையில் வைத்தாள். எல்லோரும் விசில் அடித்தார்கள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் கொழுக்கட்டைத் தட்டோடு பின்வரிசைக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கிரீடத்தைக் கழற்றி டிவிமேல் வைத்தார். "போதும் மதி. வாடினா வாடட்டும்" என்றார்.

"இன்னும் இருபத்து நாலு நாள். நாம ஜெயிக்கற இடத்துல இருக்கோம். கேப்டன் புருஷன் கிளையே வாடினா எனக்கு மூஞ்சி வேணாமா? போட்டி முடியட்டும், அப்புறம் நிம்மதியா ஓய்வெடுங்க. உங்களை யாரு நடக்கச் சொன்னா, நான் பாத்துக்கறேன்."

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன். மைதானத்தில் பேசிப் பழகிய தொண்டை.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை. இவருக்கு ரோஷம் வந்து, "இன்னைக்கு நானே கட்டிக்கறேன்" என்று வாட்ச்சை வாங்கிக்கொண்டு கீழே போனார். இரண்டு சுற்றுகூட முடித்திருக்க மாட்டார், வாட்ச் அதிர்ந்ததாம். மேலே கொண்டுவந்து காட்டினார். திரையில் எழுத்து: 'துடிப்பு வழக்கத்துக்கு மாறாக உள்ளது. இந்த வாட்ச்சை வேறு யாராவது அணிந்திருக்கிறார்களா?'

பதினாறு நாளாக என் நாடியைப் பார்த்துப் பார்த்து, அதுதான் சிற்றம்பலம் என்று முடிவு பண்ணிவிட்டது! நிஜச் சிற்றம்பலம் வந்தால் யாரடா நீ என்கிறது!

"முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் இல்லாதவனையெல்லாம் புடிச்சேன். கடைசியில என்னைப் புடிச்சுட்டாங்க பாரு" என்றார். இரண்டு பேரும் சிரிசிரி என்று சிரித்தோம். சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது, உட்கார்ந்தார், வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாட்ச்சைக் கழற்றி நான் கட்டிக்கொண்டேன். இரண்டு நிமிஷத்தில் பச்சை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பழைய மாணவிகள் நாலு பேர் போன் செய்தார்கள். "மிஸ், வயித்து வலின்னா கூட நீங்க ஓட விடுவீங்களே" என்று ஒருத்தி சிரித்தாள். ஓடினால்தானே சரியாயிற்று?

இவர் இப்போது மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறார். சமமாகப் படுத்தால் வாயு ஏறுகிறதாம். கால் செருப்பு இறுக்கமாக இருக்கிறது என்கிறார், புதிதாக ஒன்று வாங்கவேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். சின்ன வயது டாக்டர், பொறுமைசாலி. ஈசிஜி எடுத்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் தெரியல. ட்ரெட்மில் டெஸ்ட் எழுதிக் குடுத்தேனே, எடுத்தீங்களா?" என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் போனை நீட்டினேன். "தினமும் ஆறாயிரத்துக்குமேல நடக்கறாரு டாக்டர். பாருங்க."

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அட! நடக்கறப்பகூட நூத்தி அஞ்சைத் தாண்டலையே. உக்காந்திருக்கறப்ப அறுபத்திரண்டு. மூச்சு வாங்குதா சார்? நெஞ்சுல இறுக்கம், தாடை வலி?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை. பக்கத்தில் பி பிளாக் அம்மாள் ஒருத்தி ஊசிக்காக உட்கார்ந்திருந்தாள், கதவு திறந்தே இருந்தது.

"வாயுதான் டாக்டர்" என்றேன். "பல்லும் கொஞ்சம்."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நடந்தும் ஒண்ணும் பண்ணலைன்னா, அதுவே ஒரு ட்ரெட்மில் டெஸ்ட்தான். அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில், டாக்டரே சொல்லிவிட்டார், ஒன்றுமில்லை என்று நான் இரண்டு தடவை சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் நிஜம், எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ஹரிணியின் அறிவிப்பு: வருகிற ஞாயிறு எல்லோரும் மலைக்கோட்டை ஏறுகிறோம். உச்சிப்பிள்ளையார் வரை ஏறினால் கிளைக்குத் தங்க இலை. பாதுகாப்புக்காக, ஒரு வாரமாக இதயம் பச்சையாக இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. பி பிளாக்கில் ஒருவருக்கு மஞ்சள், எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். பட்டியலில் முதல் பெயர் இவருடையது.

"நான் வர்றேன்" என்றார்.

"எதுக்குங்க? நீங்க வராட்டி ஒண்ணும் ஆகாது, சாதாரண இலை போதும்."

"தலையில கிரீடம் வச்சாங்க மதி. லிஃப்ட்ல பாக்கறவன்லாம் உங்களைப் பாத்துத்தான் நடக்க ஆரம்பிச்சேன்னு சொல்றான். ஒரு நாளாவது என் காலால ஏறி ஒரு இலை வாங்கிக்கறேன். விடு."



செப்டம்பர் 15, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்றுக் காலை ஆறரைக்கு அடிவாரம். மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுக் கிளம்பினோம். அங்கேயே என் வலது கையைப் பிடித்து வாட்ச்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டார். ஐம்பது படி ஏறியிருப்போம், அது அதிர்ந்தது. 'வேறு யாராவது அணிந்திருக்கிறார்களா?' 'இல்லை, நான்தான்' என்று அழுத்தினார். இன்னும் கொஞ்சம் ஏறினோம். மறுபடி அதிர்ந்தது. சுவரில் கை வைத்து நின்றார். மூக்கு நுனியெல்லாம் வேர்வை.

"திரும்பத் திரும்பக் கேக்குது மதி" என்றார்.

நான் என்ன சொன்னேன்? அப்படியே எழுதுகிறேன். "அது அப்படித்தாங்க கேக்கும், அதுக்கு உங்களைத் தெரியாது. அழுத்திட்டு வாங்க, எல்லாரும் மேல போயிட்டாங்க."

அழுத்திவிட்டு வந்தார்.

தாயுமானவர் சந்நிதித் திருப்பத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றுதான் நினைத்தேன். சரிந்தார். வாட்ச் அதிர்ந்துகொண்டே இருந்தது. யார் யாரோ தூக்கிக் கீழே இறக்கினார்கள்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. பெரிய அட்டாக் என்றார், இதயம் பல நாளாகவே திணறியிருக்கிறது, காலெல்லாம் நீர் என்றார். என் போனில் இருந்த கணக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் இந்த சார்ட்ல ஒண்ணுமே இல்லையேம்மா. இது எப்படி இவரோடதா இருக்கும்? வாட்ச்சைக் கட்டினது யாரு?"

ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் நகர்த்திவிட்டு இவர் சொன்னார்: "நான்தான் டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட குடுத்து நடக்கச் சொன்னேன். இவளுக்குத் தெரியாது."

முப்பத்து நாலு வருஷ உத்தியோகத்தில் ஒரு பொய் ரசீது எழுதாத மனுஷன்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். ஊரையே ஓட விட்ட இந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மோதிரம், அரைஞாண், வாட்ச் மூன்றையும் நர்ஸ் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

செப்டம்பர் 17, புதன்

மதியம் இரண்டு பத்துக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 20, சனி

சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. ஹாலிலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து ஹாலுக்கு. "உக்காரும்மா, கால் வீங்கியிருக்கு பாரு" என்று ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கும் மகள் யாமினி அழுகிறாள். உட்கார்ந்தால் அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வி காதில் கேட்கிறது. அடுக்களை வாசலுக்குப் போகும்போதெல்லாம், டிக்கெட் கேட்டு ஒரு கை நீளும் என்று பார்க்கிறேன்.

காலையில் ஜெயசீலன் சார் வந்தார். முட்டி வலியோடு மாடிப்படி இறங்கி வந்திருக்கிறார், லிஃப்ட் வேலை செய்யவில்லை. இவர் தன் வாட்ச்சை யாரிடமோ கொடுத்து நடக்க வைத்ததாகக் கீழே பேசிக்கொள்கிறார்களாம், அந்த ஆள் ஜெயசீலன் சாராகத்தான் இருக்கும் என்கிறார்களாம். "நான் மறுத்துச் சொல்லல டீச்சர்" என்றார். என் வலது கையைப் பார்த்தார். அப்புறம் பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் போனார். கறிவேப்பிலைக் கொத்தை மாட்டியது நான்தான் சார் என்று சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

மத்தியானம் ஹரிணி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இன்றோடு மண்டலம் முடிந்ததாம். அங்கிள் பெயரை நீக்கலாம் என்று போனாளாம், கிளை வாடவேயில்லையாம், தினமும் இலை வந்திருக்கிறதாம். ஏதோ கோளாறு என்று நினைக்கிறாள். "சாமி மாதிரி இருக்கு ஆன்ட்டி, நான் அழிக்கல, அப்படியே விட்டுட்டேன். உங்க மரம்தான் ஜெயிச்சுது" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தக் கவரை ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே பிரித்துவிட்டேன். மோதிரத்தை யாமினியிடம் கொடுத்தேன். அதை மட்டும் கொடுக்கவில்லை.

இப்போது ஆறு மணி. கையில் அதிர்ந்தது. அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

'வாழ்த்துகள், சிற்றம்பலம்! நாற்பத்தெட்டு நாள்களை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள். உங்கள் இதயம் உங்கள் வயதைவிடப் பத்து வயது இளமையாக இருக்கிறது. இதேபோல் தொடர்ந்து நடங்கள்.'